ஒன்பதாம் அறையின் தெற்குக் கதவு

சென்னையை விட்டுவிட்டு ஏதாவது ஒரு சின்ன ஊரில் போய் உட்கார்ந்துவிட்டால் நிம்மதி என்று இந்த மாதத்தில் மட்டும் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்? மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மறுநாள் காலையில் அதே பேருந்தில் தொங்கிக்கொண்டு அதே வேலைக்குப் போனவர்தானே நீங்கள்? மாரிசெல்வி போகவில்லை.

ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு ஆலைக் கூலிகளுக்குப் பிறந்தவர் அவர். மகள் வெடிமருந்தில் கை வைக்கக் கூடாது என்று பெற்றோர் படிக்க வைத்தார்கள். அவர் படித்தது தீப் பாதுகாப்புப் பட்டயப் படிப்பு. வேலை கிடைத்தது சென்னையில், கண்ணாடியால் போர்த்திய ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில். பதினொரு ஆண்டுகளில் அங்கே எரிந்த ஒரே நெருப்பு ஒரு பிறந்தநாள் மெழுகுவர்த்தி. அதற்கும் மாரிசெல்வி அறிக்கை எழுதினார். கேக் அரைக் கிலோ, அறிக்கை மூன்று பக்கம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தீ ஒத்திகை. சங்கு ஊதியதும் ஆயிரம் பேர் படியில் இறங்கி வெயிலில் நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். லிப்டை நிறுத்தியதற்காக மாரிசெல்வியைத் திட்டிவிட்டு மேலே போவார்கள். வேலை நேரம் வீணானது என்று மேலாளர் தன் பங்குக்குத் திட்டுவார். இத்தனையும் வாங்கிக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி, எட்டுப் பெண்களுக்கு ஒரே குளியலறை உள்ள விடுதிக்கு வந்து, வாளியோடு வரிசையில் நிற்பார் மாரிசெல்வி. ஒரு மழை நாளில் நிறுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றபோது, பதினொரு ஆண்டுகளில் பேருந்துக்காக நின்ற நேரத்தையும் பேருந்தில் நின்ற நேரத்தையும் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தார். கிட்டத்தட்ட ஓர் ஆண்டு வந்தது. குற்றம் என்னவென்று சொல்லாமலே ஓர் ஆண்டுத் தண்டனை. மறுநாளே வேலையிலிருந்து விலகினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

சாத்தூரில் ஒரு சிறிய வீடு பிடித்தார். குளியலறை அவருக்கு மட்டும். முதல் நாள் அதில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஜெயச்சந்திரன் என்பவரின் பட்டாசு ஆலையில் பாதுகாப்புக்கு ஒரு ஆள் கேட்டிருந்தார்கள். ஜெயச்சந்திரன் கெட்டவர் அல்ல. அமாவாசைக்கு அன்னதானம் போடுபவர், தொழிலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாக மொய் எழுதுபவர். அறிவை மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை, வாங்கியதும் இல்லை.

"நீங்க பெருசா ஒண்ணும் செய்ய வேணாம்மா. செக்கிங் வந்தா, படிச்ச ஆளு இருக்குன்னு காட்டணும். அந்தச் சேர்ல சும்மா உக்காந்திருங்க, போதும்" என்றார்.

மூன்று மாதம் மாரிசெல்வி அப்படித்தான் உட்கார்ந்தார். காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் வேன். இருபது நிமிடத்தில் ஆலை. பொழுது சாயும் முன் வீடு. வாழ்க்கையில் முதல் தடவையாக உடம்பில் சதை போட்டது. சும்மா உட்கார்ந்திருந்தால் இது அத்தனையும் அவருக்கே என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான்காம் மாதம் ஒன்பதாம் அறைக்குள் போனார். காகிதக் குழாய்களில் வெடிமருந்து செலுத்தும் அறை. உரிமத்தோடு இணைத்த வரைபடத்தில் அறைக்கு நான்கு பேர், நான்கு திசையிலும் கதவு. ஆளுக்கொரு கதவு, எது நடந்தாலும் யாரும் யாரையும் தாண்டி ஓட வேண்டியதில்லை. வரைபடம் போட்டவனுக்கு மூளை இருந்தது. அறையிலோ மூன்று கதவுகள்தான் திறந்திருந்தன. தெற்குக் கதவின் குறுக்கே இரண்டு பலகை அறைந்து, அதன்மேல் மாலை போட்ட ஓர் அம்மன் படம் மாட்டியிருந்தது. படத்துக்கு விளக்கு மட்டும் ஏற்றவில்லை. அந்த அளவுக்குப் பகுத்தறிவு அங்கேயும் உண்டு.

படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர் கருப்பம்மாள். ஐம்பது வயது, இருபத்தாறு ஆண்டு அனுபவம், அந்த ஆலையில் முதலாளிக்கு அடுத்து அதிகம் பேசுபவர்.

"சித்தி, இந்தக் கதவ யாரு அடைச்சா?"

"ஏத்தா, அது எமன் வாசல்லா? தெக்குப் பக்கம் தொறந்து வச்சா எமன் நேரா உள்ள வந்துருவான்னு மதுரையிலருந்து வாஸ்துக்காரரு வந்து சொன்னாரு. இருவத்திரெண்டு ரூமுலயும் ஒரே நாள்ல அடைச்சாச்சு."

"எமன் மத்த மூணு கதவு வழியா வர மாட்டானா?"

"ஒனக்குப் பட்டணத்துத் திமிரு. அவன் வழிய மறிச்சுப் படம் மாட்டியிருக்கு. நீ போயி சேர்ல உக்காரு தாயி. காத்த மறைக்காத."

விசாரித்ததில் முழுக் கதையும் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஆர்டர் குறைந்தது. ஜெயச்சந்திரன் கவலைப்பட்டு, மதுரை வாஸ்து ஆலோசகர் சோலைச்சாமியை அழைத்தார். அவர் திசைகாட்டியோடு ஆலையைச் சுற்றி வந்து, இருபத்திரண்டு அறையிலும் எமனுக்குக் கதவு திறந்து வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். கதவுகளை அடைத்தார்கள். அடுத்த சீசனில் பக்கத்து ஆலையின் உரிமம் ரத்தாகி, அதன் ஆர்டர் அத்தனையும் இங்கே வந்தது. எமன் போய்விட்டான், லட்சுமி வந்துவிட்டாள் என்று நிரூபணம் ஆகிவிட்டது. அறிவியல் கூட இவ்வளவு சுலபமாக எதையும் நிரூபித்ததில்லை.

மாரிசெல்வி முதலாளியின் அறைக்குப் போனார்.

"சார், தெற்குக் கதவுகளைத் திறக்கணும். முதல்ல ஒரு தீ ஒத்திகை வச்சுப் பாப்போம். யாருக்கும் சொல்லாம திடீர்னு விசில் ஊதணும்."

"வைங்க, தாராளமா வைங்க! ஆனா கதவப் பத்திப் பேசாதீக. ஒத்திகைக்கு நல்ல நாள் பாக்கணுமே?"

"சார், திடீர்னு நடத்தணும்."

"திடீர்னுதாம்மா நடத்துவோம். நல்ல நேரத்துல திடீர்னு நடத்துவோம்."

சோலைச்சாமியிடமே நாள் குறித்தார்கள். புதன்கிழமை, காலை பத்தரையிலிருந்து பதினொன்று. இந்த வட்டாரத்தில் அச்சடிக்காமல் எந்த நல்ல காரியமும் நடப்பதில்லை என்பதால், நான்கு வண்ணத்தில் பத்திரிகையும் அடித்தார்கள். மேலே பிள்ளையார், கீழே சிவப்புத் தீயணைப்பான். 'தீ விபத்து ஒத்திகைப் பெருவிழாவுக்குத் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து சிறப்பிக்குமாறு' கேட்டுக்கொண்டிருந்தது. சிறப்பு விருந்தினர்: வாஸ்து கலாமணி சோலைச்சாமி. மாரிசெல்வியின் பெயர் அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இருந்தது.

புதன்கிழமை பெண்கள் தலைக்குக் குளித்துப் பூ வைத்து வந்தார்கள். வாசலில் பூசணிக்காய் உடைந்தது. சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். அன்று மருந்து எடுக்கவில்லை. வெறும் காகிதக் குழாய்களை முன்னால் வைத்துக்கொண்டு எல்லோரும் எப்போது திடீரென்று ஊதுவார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நாற்பதுக்குச் சோலைச்சாமி தலையசைத்தார். மாரிசெல்வி விசில் ஊதி, ஒன்பதாம் அறை வாசலில் நிறுத்துகடிகாரத்தோடு நின்றார்.

கதவை ஒட்டி உட்கார்ந்திருந்த மூன்று பேர் மூன்றாவது நொடியில் வெளியே நின்றார்கள். கருப்பம்மாள் எழுந்தார். எதிரே குழாய் அடுக்கிய தட்டுகள். அவற்றைச் சுற்றி வந்தபோது சேலைத் தலைப்பு ஒரு தட்டில் மாட்டியது. அதை இழுத்துவிட்டு, கிழக்குக் கதவில் வந்து தலையை நீட்டியபோது பதினான்கு நொடி.

"பதினாலு" என்றார் மாரிசெல்வி.

"பரவாயில்லையே! பதினாலு செகண்டுல என்ன ஆயிரப்போகுது அண்ணாச்சி?" என்றார் சோலைச்சாமி முதலாளியைப் பார்த்து.

பொங்கல் தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். என்ன ஆகும் என்பது அங்கே நின்றவர்களில் அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

"என்ன ஆகுமா?" என்றார் கருப்பம்மாள். "எந் தங்கச்சி இருளம்மா போன அன்னிக்கு, நான் குழாயடியில தண்ணி குடிச்சிக்கிட்டு நின்னேன். சத்தம் கேட்டுச்சு. செம்பு கையிலதான் இருக்கு, கீழ வைக்கல. அங்கன ரூமே இல்ல. நீரு பதினாலு செகண்டுங்கீரு."

"அது விதி தாயி…"

"இம்புட்டு நாளா சாமிக்கு முதுகக் காட்டி உக்காந்திருக்கமேன்னுதான் எனக்கு வருத்தம். எம் முதுகுக்குப் பின்னால அடைச்சது எமன் வழியில்ல, என் வழின்னு ஒருத்தரும் சொல்லலையே."

அறைக்குள் திரும்பிப் போனார். படத்தைக் கழற்றி, முந்தானையால் தூசி தட்டி, சோலைச்சாமியின் இரண்டு கையிலும் கொடுத்தார். "பிடிங்க. நீங்கதான மாட்டச் சொன்னீக."

யாரோ கடப்பாரை கொண்டுவர ஓடினார்கள். "ஏ கூறுகெட்டவளே, மருந்து ரூமுக்குள்ள இரும்பா? பொறி கெளம்பாதா?" என்று ஒரு சத்தம் போட்டார் கருப்பம்மாள். மரச் சுத்தியலும் பித்தளைப் பட்டையும் வந்தன. நான்கு பெண்கள் சேர்ந்து நெம்பினார்கள். முதல் பலகை விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மாரிசெல்வி கதவைத் தள்ளினார். வெளியே முள் உடைமரமும் வெயிலும்தான் இருந்தன. எமனைக் காணவில்லை. மறுபடி விசில் ஊதினார். கருப்பம்மாள் இரண்டு நொடியில் வெளியே நின்றார்.

"ஒம்பதாம் ரூமு மட்டும் அப்பிடியே இருந்துட்டுப் போகட்டும்" என்றார் ஜெயச்சந்திரன். சோலைச்சாமி இரண்டு கையிலும் அம்மனைப் பிடித்திருந்ததால், அவருக்குப் பொங்கல் ஊட்டிவிட வேண்டியிருந்தது.

மறுநாள் வேன் வரவில்லை. மாரிசெல்வி பேருந்து பிடித்து ஆலைக்குப் போனார்.

"உங்க மேல எனக்குக் கோவமே இல்லம்மா" என்றார் ஜெயச்சந்திரன். "உங்க ராசி நம்ம கம்பெனிக்கு ஒத்து வரல. அம்புட்டுதான்."

"என் ராசி என்னன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது. அதான் நடந்ததப் பாத்தாலே தெரியுதே."

"இன்னும் இருபத்தோரு கதவு இருக்கு சார்."

"தீபாவளி ஆர்டர் முடியட்டும். பாப்போம்."

தீபாவளி ஆர்டர் முடிகிறவரைக்கும்தான் அந்த அறைகளில் கூட்டமும் மருந்தும் அதிகம். முடிந்த பிறகு கதவைத் திறந்து யாரைக் காப்பாற்றுவது என்று அவர் சொல்லவில்லை.

அந்த வாரமே சென்னையிலிருந்து பழைய மேலாளர் போன் செய்தார். ஒத்திகை நடத்த ஆள் இல்லையாம், சம்பளம் கூட்டித் தருவார்களாம். மாரிசெல்வி ஒரு ராத்திரி முழுக்க யோசித்தார். வீட்டு வாடகை யாரையும் யோசிக்க வைக்கும். காலையில் முடியாது என்று சொல்லிவிட்டார். நெருப்பே வராத இடத்தில் ஆயிரம் பேரை இறக்கி ஏற்ற வேறு யாராவது கிடைப்பார்கள். இந்த இருபத்தோரு அறைகளுக்குள் போகிற எண்பத்து நான்கு பேரும் தினமும் காலையில் அதே ஆலை வேன்களில் ஏறுகிறார்கள். இப்போது அவர் சாத்தூரில் ஒரு துணிக்கடையில் நின்று சேலை விரித்துக் காட்டுகிறார். நிம்மதி தேடி வந்தவர்தான். அதை இன்னும் விட்டுவிடவில்லை. அடுத்தவர் சாவதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்காருவதற்கு நிம்மதி என்று பெயர் வைக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

ஒரு திங்கள்கிழமை, மக்கள் குறை கேட்கும் நாளில், சூலக்கரைக்குப் போய் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். ஒன்பதாம் அறையின் நான்கு பெண்களும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உடன் போனார்கள். மனுவை வாங்கிக்கொண்டு ரசீது தந்தார்கள். மற்ற அறைகளின் பெண்கள் அடுத்த மனுவில் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். வேலை போய்விடும் என்று பயம். எமன் கோபித்துக்கொள்வான் என்று சிலருக்கு அதைவிடப் பெரிய பயம். கருப்பம்மாள் வேனில் ஒவ்வொருவரிடமும் பேசிப் பேசி, இதுவரை முப்பத்தொரு கையெழுத்து வாங்கியிருக்கிறார். ஒன்பதாம் அறையின் கதவை மறுபடி அடைக்க ஒருமுறை ஆள் வந்தது. நால்வரும் உள்ளே போக மறுத்து வெளியே உட்கார்ந்தார்கள். சீசன் நேரம், அரை மணி நேரத்தில் அந்த ஆள் பலகையோடு திரும்பிப் போனார்.

வரும் திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் மறுபடியும் சூலக்கரைக்குப் போகிறார்கள். இதைப் படிக்கிற நீங்கள் விருதுநகர் மாவட்டத்தில் இருந்தால், அன்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டுப் பெண் மருந்து அறைக்குள் போகிறவர் என்றால், அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கதவு திறக்கிறதா என்று இன்று சாயங்காலமே கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள். வந்து முப்பத்திரண்டாவது கையெழுத்தைப் போடுங்கள். நல்ல நேரம் பார்க்காதீர்கள்.