வேங்கை மரத்தில் ஓட்டை

பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கத்துக் காட்டில் ஜோசஃபின் வாட்சராக வேலை பார்த்து எட்டு வருடமாகிறது. யாரையும் லேசில் நம்பமாட்டாள். சர்ச்சில் பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடி ஜெபித்தால், நிஜமாகவே மூடியிருக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தன் கண்ணை மூடுவாள்.

இந்த மார்ச்சில் வேங்கை மரங்களில் பொடிப்பொடியாக ஓட்டைகள் விழுந்தன. ஓட்டைக்குக் கீழே சிவப்புப் பிசின் வழிந்தது, மேலே இலை காய்ந்தது. பெங்களூரில் மரத்தில் ஓட்டை என்றால் வேறென்ன? டிரில் போட்டு ஆசிட் ஊற்றி, மரம் பட்டதும் மனை போடுகிறவர்கள் வேலைதான். காட்டை ஒட்டி ஒரு லேஅவுட் வேறு வந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து கை கொடுப்பது யார் என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டும்.

கூட வேலை பார்த்த நோயல் மேல் கண் விழுந்தது. அவன் மரங்களையே சுற்றிச்சுற்றி வந்தான், ஒதுங்கி நின்று போன் பேசினான். ஒருநாள் அவன் போனில் கன்னடத்தில் பேசும்போது புதருக்கு இந்தப் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"சார், எல்லா மரக்கூ ஹோல் பித்திதே."

எல்லா மரத்திலும் ஓட்டை விழுந்தாயிற்றாம். நேரே ரேஞ்சரிடம் போய்ச் சொன்னாள். ஒரு வாரத்துக்குள் நோயலை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

"அக்கா, நான் அப்டி சொல்லவே இல்ல" என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் போன பிறகும் ஓட்டைகள் நிற்கவில்லை. ஏப்ரலில் இன்னும் இருபது மரம். அவனுக்குக் கூட்டாளி இருப்பான் என்று சொல்லி மனதை அடக்கினாள்.

மே மாதம் மரநோய் ஆராய்கிற பார்கவி மேடம் வந்தார். டிரில் ஓட்டை என்று ஜோசஃபின் காட்டிய இடத்தில் கத்தியால் பட்டையைச் சீவினார். ஓட்டையிலிருந்து எள்ளளவு வண்டு ஒன்று ஊர்ந்து வந்தது.

"டிரில் இல்லம்மா, இதுதான். போன வருஷம் மழை ஏமாத்திடுச்சு, இந்த வருஷம் பிப்ரவரியிலயே வெயில் கொளுத்திடுச்சு. தாகத்துல இருக்கிற மரம் எதிர்த்து நிக்காது. வண்டு உள்ள போகும், அது ஒடம்புல ஒட்டின பூஞ்சணமும் கூடப் போயி, தண்ணி ஏறுற வழிய அடைச்சிடும்."

ஜோசஃபின் குனிந்து அந்த வண்டைப் பார்த்தாள்.

"மார்ச்லயே ஒரு வாட்சர் எங்க ஆபீசுக்குப் போன் பண்ணிட்டே இருந்தாரு. எல்லா மரக்கூ ஹுளா பித்திதே, சீக்கிரம் வாங்கன்னு. நாங்கதான் லேட் பண்ணிட்டோம். நோயல்னு பேரு. எங்க அவரு?"

ஹுளா. பூச்சி. கன்னடம் பேசியே வளர்ந்தவள் அவள். சந்தேகம் ஏறிய காதுக்குத்தான் அது ஹோல் என்று கேட்டிருக்கிறது.

"இந்தக் காட்ட அவன்தான் மேடம் பாத்துட்டு இருந்தான்" என்றாள் ஜோசஃபின். "நான் அவனப் பாத்துட்டு இருந்தேன்."