போட்டவருக்கே பந்து

ஓய்வு பெற்று, ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சேக்காட்டில் வாடகை வீட்டுக்கு வந்தபோது சாமான்களுக்கு நடுவில் மகளின் கூடைப்பந்து கிடைத்தது. பள்ளியில் அவள் ஆடியது. காற்றுப் போய் ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. ‘தூக்கிப் போடுங்க’ என்று சொல்ல மனைவி பக்கத்தில் இல்லை. மகளுக்குக் குழந்தை பிறந்ததும் பார்த்துக்கொள்ள பெங்களூருக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். நானும் போய் இருந்து பார்த்தேன். பத்தாம் நாள், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லித் திரும்பிவிட்டேன். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

சேக்காட்டில் மட்டும் என்ன வேலை? மாலையில் மனைவி போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பாள். அதற்குள் குழந்தை அழும், வைத்துவிடுவாள். மறுநாள் மாலை வரை நான் பேசுவது தயிர் பாக்கெட் கேட்கும்போதுதான்.

பந்துக்குச் சைக்கிள் கடையில் காற்றடித்துக்கொண்டு, பூங்காவுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தரைக்குப் போனேன். இரண்டு கம்பங்கள். ஒன்றில் வளையமே இல்லை. மதியம் மூன்று மணிக்கு அங்கே நாய்கூட வராது.

ஆட்டத்தைப் போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். பத்தடி உயரத்து வளையத்துக்குள் பந்து மேலிருந்து விழ வேண்டும். தரையில் வளைவாக ஒரு கோடு உண்டு. அதற்குள்ளே நின்று போட்டால் இரண்டு புள்ளி, வெளியே நின்று போட்டால் மூன்று. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது, தரையில் தட்டிக்கொண்டே போகலாம். தட்டுவதை நிறுத்திப் பந்தைப் பிடித்துவிட்டால் மறுபடி தட்டக் கூடாது. அப்புறம் இரண்டே வழிதான். கூடைக்குப் போட வேண்டும், இல்லை கூட ஆடுபவருக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்க ஆளில்லாதவன் என்ன செய்வது என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை.

ஆகவே போட்டேன். மூன்று மாதம் போட்டுக்கொண்டே இருந்தேன். விழுந்தாலும் நான்தான் ஓடி எடுக்க வேண்டும், விழாவிட்டாலும் நான்தான். பாதி நேரம் பந்து சாக்கடை ஓரத்துக்கு உருண்டுவிடும். ஒருநாள் பத்துக்கு ஆறு விழுந்தது. மனைவியிடம் சொன்னேன். “என்னது ஆறு?” என்றாள். பதில் சொல்வதற்குள் குழந்தை அழுதுவிட்டது.

இனித் தனியாக ஆட முடியாது என்று அன்றைக்குத்தான் தோன்றியது. மாலை ஐந்தரைக்கு அங்கே ஒரு கூட்டம் ஆடும் என்று தெரியும். கல்லூரிப் பெண்கள் இருவர், நெமிலிச்சேரியிலிருந்து வரும் ஒரு ரயில்வேக்காரர், இன்னும் சிலர். பூந்தமல்லியில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த, முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரும் வருவார். எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிடுவார்கள். அவர்கள் என்னையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதல் நாள், “ஆள் கொறையுது, வாங்க சார்” என்று பாய்தான் கூப்பிட்டார். வளையம் ஒன்றுதான் என்பதால் இரண்டு பக்கத்தாரும் அதிலேயே ஆடுவார்கள். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் அதில் கால் மணி நேரம் போட்டுப் பழகுவார்கள். நானும் போட்டேன். யார் போட்ட பந்தாக இருந்தாலும் என் பக்கம் விழுந்தால் எடுத்தேன், தட்டிக்கொண்டு போனேன், போட்டேன். போட்டதை மற்றவர்கள் தொடுமுன் நானே ஓடி எடுத்தேன். மூன்று மாதப் பழக்கம். நன்றாகவே விழுந்தது.

நான்காம் நாள் என்னைத் தவிர ஒன்பது பேர் வந்திருந்தார்கள். நான் சேர்ந்தால் சரியாக ஐந்துக்கு ஐந்து. அவர்களோ நாலு நாலாகப் பிரிந்து, ஒருவரை வெளியே உட்கார வைத்து ஆடினார்கள். “பெருசு கைக்குப் போச்சுன்னா பந்து திரும்பாது மாமே” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. என் பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், சீக்கிரம் போகாது. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் கடைத்தெருவில் பாய் பைக்கை நிறுத்தினார்.

“இன்னா சார், ரெண்டு நாளா ஆளையே காணோம்?”

“வயசானவன் வந்து என்ன செய்யப் போறேன்? ஒன்பது பேர் இருந்தும் கூப்பிடல இல்ல?”

அவர் வண்டியை அணைத்தார். “வயசுல இன்னா கீது சார். ஆட்டத்துக்கு முன்னாடி போட்டுப் பயகறப்போ, ஒருத்தர் போட்டு கூடைல உயுந்தா, கீய நிக்கறவங்க எடுத்து போட்டவருக்கே திருப்பிக் குடுக்கணும். அது உயாம போற வரைக்கும் அவரு பந்து. நீங்க இன்னாடான்னா எடுத்துகினு போய் நீங்களே போட்டுக்கினு கீறீங்க. அதான் பசங்களுக்கு காண்டு.”

“எனக்கு யாரும் சொல்லவே இல்லையே.”

“இத்த யாரும் யாருக்கும் சொல்றதில்ல சார். கூட ஆடுனா தானா வந்துரும்.”

வெட்கமாக இருந்தது. அதைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் உறுத்தியது. கூட ஆட ஆளிருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த ஒன்று அறுபது வயதில் எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை ஆட்டத்துக்கு முன்னாலேயே போய்க் கூடைக்கடியில் நின்றுகொண்டேன். யார் போட்டு விழுந்தாலும் எடுத்து அவருக்கே கொடுத்தேன். ரயில்வேக்காரர் தொடர்ந்து நான்கு போட்டார், நான்கையும் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பாய் தன் கைக்கு வந்த பந்தை என்னிடம் தட்டிவிட்டார்.

கோட்டுக்குப் போய் நின்று போட்டேன். விழுந்தது. விழுந்ததும் வழக்கம்போல் எடுக்க ஓடினேன்.

பாதி தூரத்தில் கல்லூரிப் பெண்களில் ஒருத்தியின் குரல் கேட்டது. “எங்க அங்கிள் ஓடறீங்க? அங்கயே நில்லுங்க. நீங்க போட்டது.”

திரும்பி வந்து கோட்டில் நின்றேன். பந்து ஒருமுறை தரையில் தட்டி, நேராக என் கைக்கு வந்தது. அந்த மூன்று மாதமும் போட்ட பந்து ஒவ்வொன்றுக்கும் நானே ஓடியிருக்கிறேன். நின்ற இடத்துக்கே பந்து வந்தது அன்றைக்குத்தான். கண் கலங்கிவிட்டது. துடைக்காமலே போட்டேன், வளையத்தில்கூடப் படவில்லை.

பந்து அடுத்தவருக்குப் போனது. அவர் போடுவதை எடுத்துக் கொடுக்க நான் கூடைக்கடியில் போய் நின்றேன்.