தியோடலைட்டுக்கு ஒரு குடை

என் பெரியப்பா மகன் சென்னையில் நில அளவையில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில், படிப்புக்காகக் கண்மாய்களை அளந்து வரைபடம் போட வேண்டுமென்று இளையாத்தங்குடிப் பக்கமுள்ள எங்கள் ஊருக்கு வந்து இறங்கினார். கூடவே மரப்பெட்டியில் ஒரு தியோடலைட். மூன்று காலில் நிறுத்தி, தூரத்தில் இருப்பதைக் குழாய் வழியே பார்த்து அளக்கும் கருவி.

பெட்டியைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. காரணம் அத்தை மகள். அவளுக்கு முறை மாப்பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். தை பிறந்ததும் எங்களில் ஒருவருக்குக் கொடுப்பதாக மாமா சொல்லியிருந்தார். யாருக்கென்று சொல்லவில்லை. அவ்வளவு படித்தவரை விட்டுவிட்டு எனக்கா கொடுப்பார்?

அளவுகோலைப் பிடித்து நிற்க அண்ணன் என்னைக் கூப்பிட்டார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எதற்குமே வாய் வராது.

கருவியின் மேல் வெயில் படக்கூடாது, பட்டால் அளவு பிசகும் என்பார் அண்ணன். அதற்குக் குடை பிடிக்கவென்றே ஓர் ஆள் இருந்தார். அவருக்குக் காய்ச்சல் கண்ட அன்று, கஞ்சி கொண்டுவந்த அத்தை மகள், "குடைதானே, குடுங்க, நான் புடிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள். மாமா புளியமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்ததால் யாரும் தப்பாக நினைக்கவில்லை. நான் நினைத்தேன்.

அண்ணன் கையை வீசினார். இன்னும் தள்ளிப் போ என்று அர்த்தம். போனேன். மறுபடியும் வீசினார். மடை வரை போய்த் திரும்பினால், ஒரே குடைக்குக் கீழே இருவர். கோலை ஆட்டவும் கூடாது, இடத்தை விட்டு நகரவும் கூடாது. பொறாமைக்காரனைக் கட்டிப்போட இதைவிடத் தோதான வேலை கிடையாது. அண்ணன் விலகி அவளைக் குழாயில் பார்க்கச் சொன்னார். பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கஞ்சி குடிக்கும்போது மாமாவே கேட்டார்: "என்னத்தா அப்படிச் சிரிச்ச?"

"இந்த மச்சான் வௌவால் கணக்காத் தலைகீழாத் தொங்குறாகப்பா. வேட்டி மட்டும் எப்படி அவுந்து விழுகலைன்னு தெரியலை."

"அதுல பார்த்தா எல்லாருமே அப்படித்தான் தெரிவாக" என்றார் அண்ணன்.

"அப்ப நீங்க போயி நில்லுங்க, பாப்போம்."

அண்ணன் கோலோடு போனார். குடை என் கைக்கு வந்தது. பிடித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அதன் நிழல் கருவிக்கே சரியாக இருந்தது. பிடிப்பவரும் பார்ப்பவரும் வெயிலில்தான் நிற்க வேண்டும். அவள் முகம் கன்றிப் போயிருந்தது. குடையை அவள் பக்கம் சாய்த்தேன். தூரத்தில் அண்ணன் கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

"கருவிக்குப் புடிக்கச் சொல்றாக மச்சான்."

"சொல்லட்டும்" என்றேன்.

மாமா மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தையில் அவளை எனக்குத்தான் கொடுத்தார். காரணம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுபதுகளில் அண்ணன், விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து வரைபடம் போடும் வேலைக்கு வடக்கே போய்விட்டார். அது முதல், வானத்தில் சத்தம் கேட்டால் என் மனைவி அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்க்கிறாள். பிள்ளைகளும்தான் பார்க்கிறார்கள். எனக்கு உறுத்துவது அவள் பார்ப்பதுதான்.

குடையை எடுத்துப் போய் அவள் தலைக்கு மேல் பிடிக்கிறேன்.

"ஏன் மறைக்கிறீக?"

"வெயிலு" என்கிறேன்.