கடலோரக் காவலுக்கு நான்தான் கடத்தல்காரன்

கிட்ட வந்து உட்காருங்க, கடத்தல்காரன் தொழிலைப் பற்றிச் சத்தமாகப் பேச முடியாது.

கிள்ளானில் கடலோரக் காவல் படகுத்துறைக்குள் எனக்கு ஒரு சின்ன கேண்டீன் இருக்கிறது. தே ஆற்றுவது, அதாவது டீ போடுவது, என் முதல் தொழில். இரண்டாவது தொழில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அரசாங்க ஆட்களுக்குச் சாப்பாடு போட்டுப் பிழைக்கிற என் இனத்தாரே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு ஒரு கோர்ஸ் வந்தால் கஷ்டம் நமக்குத்தான். படகு ஏற ஒரு கோர்ஸ், பதவி ஏற ஒரு கோர்ஸ். வேலையை விட்டுப் போகிறவனுக்கும் ஒரு கோர்ஸ் வைத்திருக்கிறார்கள். படித்ததைச் செய்து பார்க்க ஓர் உடம்பு வேண்டுமே! கல்லாப்பெட்டிக்குப் பின்னால் சும்மா நிற்கிற உடம்பு என்னுடையது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோர்ஸ் கணக்குப் பார்த்தால் அங்கே என்னைவிடப் பெரிய படிப்பாளி கிடையாது.

முகராசி

பயிற்சி கொடுக்கிறவர் ஹலீம். பேசுவது மலாய், நான் தமிழில் சொல்கிறேன். சந்தேகப்பட்ட படகில் ஏறிச் சோதனை போடும் பயிற்சிக்கு, முதலில் தன் ஆட்களையே கடத்தல்காரர்களாக நடிக்க வைத்தார். பழைய மீன்பிடிப் படகு ஒன்றில், கிழிந்த பனியனும் கைலியுமாக நான்கு பேர். பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். நான்கு கடத்தல்காரர்களும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள்.

அதிகாரி வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். ஹலீம் நேரே என் கடைக்கு வந்து, ஒரு தே வாங்கிக்கொண்டு, என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "அங்கிள், நீங்க ஒண்ணுமே செய்யாம, ஏதோ செஞ்சிட்ட மாதிரியே நிக்கிறீங்க. இந்தத் திறமையை வீணாக்கக் கூடாது."

கட்டுப்போட்ட நாள்

கடத்தல்காரனாகச் சேர்ந்தவனை முதலுதவிக் கோர்ஸுக்கும் இழுத்துக்கொண்டார்கள். நான் படகிலிருந்து விழுந்து அடிபட்டவனாம். ரவாங்கிலிருந்து வந்த மூன்று பையன்கள், ஆளுக்கொரு சுருள் துணியோடு வந்தார்கள். எங்கே அடி என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஒருவன் கையைக் கட்டினான், ஒருவன் காலைக் கட்டினான், மூன்றாமவன் மிச்சம் இருக்கிறதே என்று தலையைக் கட்டினான். கண்ணும் மூக்கும்தான் வெளியே.

அதற்குள் பத்து மணி ஆகிவிட்டது, தே குடிக்கிற நேரம். என்னைத் தூக்குப்படுக்கையில் அப்படியே போட்டுவிட்டு மூன்று பேரும் ஓடினார்கள். ஐந்து நிமிஷத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். தலையைக் கட்டினவனே என்னைப் பார்த்துக் கேட்டான்: "என்ன அங்கிள், கேண்டீன்ல ஆளே இல்ல. கொஞ்சம் பொறுப்பு வேணாமா லா?"

அரைத் தலை

சார்ஜன் மாணிக்கம் ஓய்வு பெறப் போகிறவர். வெளியே போய்ப் பிழைக்க ஒரு கைத்தொழில் சொல்லித் தருவார்கள். ஏர்கோன் பழுது பார்ப்பது, ரொட்டி சுடுவது, ஆடு வளர்ப்பது என்று பட்டியலில் நிறைய இருந்தது. இவர் முடிவெட்டுவதைப் பிடித்துக்கொண்டார். பிரிக்ஃபீல்ட்ஸில் கடை போடுவாராம், நாற்காலியின் நிறம் வரைக்கும் யோசித்து வைத்திருந்தார். ஆனால் அவர் கத்தரிக்கோலோடு வந்தாலே படகுத்துறை காலியாகிவிடும். நகர முடியாதவன் நான் ஒருத்தன். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

முன்பக்கம் நன்றாகத்தான் வெட்டினார், பொய் சொல்லக் கூடாது. காதுக்கு மேலே வந்ததும் நிறுத்தி, துண்டை உதறி, கத்தரிக்கோலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். பின்னால் தடவிப் பார்த்தேன், காடு அப்படியே இருந்தது. சார்ஜன் சாவகாசமாகச் சொன்னார்: "பின்பக்கம் அடுத்த வாரம்ண்ணே. கோர்ஸ்ல இன்னும் அதுவரைக்கும் வரல."

பவானி தோற்ற கதை

இப்போது பவானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுங்கை பூலோவிலிருந்து வந்த பிள்ளை. ஆறு வருஷமாக ஸ்டோர் கவுண்டரில் நின்று, படகில் போகிறவர்களுக்கு மிதவைச் சட்டையும் பூட்ஸும் எடுத்துக் கொடுப்பவள். தானும் படகில் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குச் சோதனைப் பரீட்சையில் தேற வேண்டும். அந்தப் பழைய மீன்பிடிப் படகில் ஏறி, நான் ஒளித்து வைத்த பொட்டலத்தை அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும், உள்ளே கோதுமை மாவு. மூன்று தடவைதான் விடுவார்கள். மூன்றும் போனால் ஆயுசுக்கும் ஸ்டோர் கவுண்டர்.

முதல் தடவை வந்தது என் அரைத் தலை வாரத்தில். பொட்டலத்தைத் தலையில் வைத்துக் குல்லாவைப் போட்டுக்கொண்டேன். என் தலையின் கதை படகுத்துறை முழுக்கத் தெரியும். வயதானவரை அவமானப்படுத்தக் கூடாதென்று அவள் குல்லாவைத் தொடவே இல்லை. இரண்டாம் தடவை, ஹலீம் சாப்பாடு கொண்டுவந்த அடுக்குப் பாத்திரத்தில் வைத்தேன். பரீட்சை வைக்கிறவரின் சோற்றை யார் சோதனை போடுவார்கள்? மத்தியானம் அவர் மூடியைத் திறந்தார், நெத்திலிச் சம்பலுக்குப் பக்கத்தில் பொட்டலம். அன்றைக்கே புதுச் சட்டம் வந்தது: பொட்டலம் படகின் சாமான்களுக்குள்தான் இருக்க வேண்டும், ஆள் மேலும் கூடாது, ஹலீமின் சோற்றிலும் கூடாது.

எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. மறுநாள் கடைக்கு வந்தவளிடம், மூன்றாம் தடவைக்கு ஒரு ஜாடை காட்டட்டுமா என்று மெல்லக் கேட்டேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். "நீங்க காட்டி நான் பாஸாயிட்டா, நடுக்கடல்ல நிஜக் கடத்தல்காரன் வந்தா உங்களுக்குப் போன் போட்டா கேப்பேன்? வேணாம் அங்கிள்." பிறகு தேயை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். "அதுவும் நீங்களாவது காட்டுறதாவது. சீனி குறைங்கன்னு ஆறு வருஷமா சொல்றேன், அதையே கேட்டதில்ல."

மூன்றாம் தடவை

ஜாடை வேண்டாம் என்று சொன்ன பிறகு, சுலபமாக ஒளிப்பதும் அவளுக்கு மரியாதை இல்லை. முழு மூளையும் போட்டு ஒளித்தேன். பவானி இரண்டு ஆட்களோடு படகில் ஏறினாள். வலையை உதறினார்கள். ஐஸ் பெட்டியைக் கவிழ்த்தார்கள். பலகையைப் பெயர்த்தார்கள். புதுச் சட்டத்தை நம்பாமல் என் குல்லாவையும் கழற்றிப் பார்த்தாள், இந்தத் தடவை வெட்கப்படவில்லை. இருபது நிமிஷம் போய்விட்டது. ஹலீம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திடீரென்று ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். "அங்கிள், ஒரு தே ஓ போடுங்க. சீனி குறைச்சு."

சலித்துவிட்டாள் என்று நினைத்தேன். படகின் மூலையிலிருந்த அடுப்பைப் பற்ற வைத்தேன். தண்ணீர் கொதித்தது, தேயிலை இறங்கியது, தே ஓவுக்குப் பால் கிடையாது. பழக்கத்தில் என் கை சீனி டின்னுக்குப் போனது. சுட்டதுபோல் திரும்பி வந்தது. குறைச்சுத்தானே கேட்டாள், போடாமலே கொடுத்தால் சந்தோஷப்படுவாள் என்று அப்படியே நீட்டினேன்.

ஒரு வாய் குடித்தாள். விழுங்கவில்லை, அப்படியே என்னைப் பார்த்தாள். பிறகு விழுங்கினாள்.

"அங்கிள், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன்."

"ஆறு வருஷமா கேட்டுக் கிடைக்காதது இன்னிக்கு எப்படிக் கிடைச்சுது?"

எழுந்து வந்தாள். சீனி டின்னைத் திறந்து கரண்டியை இறக்கினாள். பாதியில் டொக் என்று நின்றது. ஹலீம் கடிகாரத்தை நிறுத்தினார். நான்கு நிமிஷம் மிச்சம். அவர் என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "அங்கிள், வாழ்க்கையில ஒரே ஒரு நாள் கஸ்டமர் சொன்னதைக் கேட்டீங்க, மாட்டிக்கிட்டீங்க."

பிடித்த ஆளை விலங்கிட்டுக் கரைக்குக் கொண்டு போனால்தான் பரீட்சை முடியும். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் தே ஆற்றிக் கொடுத்தவனுக்கு அந்தப் படகுத்துறையில் கிடைத்த ஒரே பதவி உயர்வு இதுதான்: என் இரண்டு கையையும் பின்னால் வைத்து விலங்கு மாட்டிய பவானி, நான் போட்ட அதே தேயில் மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கி, ஊதி ஊதி எனக்கே ஊட்டிவிட்டாள்.