மழையில் காய்ந்த அப்பளம்

அன்று எங்கள் விளாங்குடி ஷெட்டில் இருந்தது நான், என் நாத்தனார், அப்பளம் தேய்க்கும் இரண்டு பெண்கள், அப்பளம் உலர்த்தும் மெஷினைச் செய்து கொண்டுவந்த வாடிப்பட்டி லேத்துக்காரர், ஆக ஐந்து பேர். மூன்று நாளாக மழை. மறுநாள் காலை சரக்கு போகாவிட்டால் கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்.

லேத்துக்காரர் ஒல்லியான ஆள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர். தான் செய்த மெஷினை முதலில் தானே போடமாட்டார்.

"உங்க மெஷினு, நீங்களே சுவிட்சைத் தட்டுங்கக்கா."

"ஷாக் அடிச்சா?"

"நான் இருக்கேன்லக்கா."

தட்டினேன். சூடான காற்று அடித்த வேகத்தில் தட்டுகளில் இருந்த அப்பளங்களெல்லாம் பறந்தன.

"அண்ணே, அப்பளம் காயப்போடச் சொன்னா பட்டம் விடுறீங்களே!" என்றாள் நாத்தனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ சந்தோஷத்தில் குதித்தார்.

"காத்து எம்புட்டு வருது பாருங்கக்கா! பழைய கொசுவலை இருக்கா?"

வலையை வெட்டித் தட்டுகளின் மேல் இழுத்துக் கட்டினார். ஒன்றரை மணி நேரத்தில் முதல் அப்பளம் சுருளாமல் காய்ந்து கைக்கு வந்தது. எல்லாரும் கத்திவிட்டோம். காலையில் சரக்கு போய்ச் சேர்ந்தது.

மெஷினுக்கான மீதிப் பணத்தை லேத்துக்காரரிடம் நீட்டினேன். "ஒரு மழைக்காலம் முழுசா ஓடட்டும், வாங்கிக்கிறேன்" என்று கிளம்பிவிட்டார். இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. மழை பிடித்தால் போன் வரும்: "ஓடுதாக்கா?" பணத்தைப் பற்றி மூச்சு விடமாட்டார். என்ன மனிதரோ! பாக்கி இன்னும் எட்டாயிரம் ரூபாய்.