அமைச்சரவைப் பட்டியலைத் தட்டச்சு செய்தவர்

நான்கு வருடங்களுக்கு முன்பு, லண்டனில் ஓர் அரசு மருத்துவமனையில் ஜூனியர் டாக்டராகச் சேர்ந்த ஏழாவது மாதம் நடந்தது இது. சேலத்தில் வேலை பார்த்து, தேர்வுக்கு மேல் தேர்வு எழுதி இங்கே வந்தவள் நான். அந்தக் கர்வம் அப்போது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

எங்கள் வார்டில் நெஞ்சுச்சளி முற்றி, காய்ச்சலோடு ஒரு பெரியவர் சேர்ந்திருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். ஆப்பிரிக்காவில் நம் காலத்திலேயே சுதந்திரம் அடைந்த ஒரு புதிய நாட்டைச் சேர்ந்தவர். நாட்டின் பெயரைச் சொன்னால் அவர் யாரென்று தெரிந்துவிடக்கூடும், அதனால் விட்டுவிடுகிறேன். லண்டனின் குரோய்டன் பகுதியில் நகராட்சி வாடகைக்குக் கொடுத்த ஃபிளாட்டில் தனியாக இருந்தார். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் கனடாவில்.

வயதானவர்கள் வந்தால் நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கச் சில கேள்விகள் கேட்போம். இது என்ன வருடம், எந்த இடம், பிரதமர் யார், இப்படி. முதல் இரண்டுக்கும் சரியாகச் சொன்னார். பிரதமர் யார் என்றதும், "எந்த நாட்டுக்கு?" என்று திருப்பிக் கேட்டார். "எங்கள் நாட்டில் பிரதமர் கிடையாது, ஜனாதிபதிதான். முதல் அரசாங்கத்தை அமைத்தபோது நான் அங்கே இருந்தேன். அந்தப் பட்டியலை..." என்று இருமிக்கொண்டே ஆரம்பித்தார்.

எனக்கு இன்னும் பதினாறு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. "சரி, சரி, ஓய்வெடுங்கள்" என்று தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தேன். கம்ப்யூட்டரில் ஒரு வரி எழுதினேன்: 'மனக்குழப்பம். தன் நாட்டின் அரசாங்கத்தையே தான் அமைத்ததாகச் சொல்கிறார்.' எழுதும்போது பக்கத்திலிருந்த டாக்டரிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அடுத்தடுத்த ஷிப்டில் வந்தவர்கள் என் வரியைப் படித்துவிட்டு அதையே தாங்களும் எழுதினார்கள். காய்ச்சல் நான்கு நாளில் விட்டுவிட்டது. ஆனால் குழப்பமான ஆளைத் தனி வீட்டுக்கு எப்படி அனுப்புவது? பாத்ரூமுக்குக்கூட அவரைத் தனியாக விடவில்லை. "நான் வீட்டுக்குப் போக வேண்டும்" என்று அவர் குரலை உயர்த்தியபோது அதுவும் நோயின் அறிகுறியாகவே எழுதப்பட்டது. முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா என்ற பேச்சு வந்துவிட்டது.

எங்கள் வார்டில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுக்கும் உதவியாளர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியிலிருந்து வருவார். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒருநாள் என்னைத் தனியே அழைத்தார்.

"டொக்டர், அந்த ஐயா குழம்பிப்போய்க் கதைக்கேல்லை. மூண்டு நாளாக் கேட்டுக்கொண்டிருக்கிறன். சொன்னதை மாத்திச் சொல்லேல்லை."

"இந்த நோயில அப்படித்தான்க்கா இருக்கும். நம்புற மாதிரியே பேசுவாங்க."

அக்கா, "ஓம் டொக்டர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் முதியோர் இல்லம் பற்றிப் பேச கனடாவுக்குப் போன் செய்ததும் நான்தான். அப்பாவுக்கு நினைவு தடுமாறுகிறது என்றேன். மகள் அழுதுவிட்டார். அழுகைக்கு நடுவே, "என்னதான் சொல்கிறார்?" என்று கேட்டார்.

"ஏதோ நாட்டுக்கு அரசாங்கம் அமைத்தேன் என்கிறார்."

மகளின் அழுகை சட்டென்று நின்றது. பிறகு, "டாக்டர், அது நிஜம்தான், அந்த வேலையில் அவரும் இருந்தார். நீங்கள் அவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லையா?" என்றார்.

போனை வைத்ததும் கம்ப்யூட்டரில் என் வரியைத் திரும்பப் படித்தேன். அன்றே பெரிய டாக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். நினைவுப் பரிசோதனை நிபுணர் வந்து ஒரு மணி நேரம் பேசினார். பெரியவரிடம் எந்தக் குறையும் இல்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "அந்த வரியை அழித்துவிடுவீர்களா?" என்று மட்டும் கேட்டார். அழிக்க முடியாது, கீழே திருத்தம் எழுதலாம் என்றேன். எழுதப்போவதை வாசித்துக் காட்டச் சொன்னார். 'முதல் அரசாங்கத்தில் அமைச்சராக இருந்தவர்' என்று வாசித்தேன்.

"அமைச்சர் என்று போடாதீர்கள், நான் அமைச்சர் இல்லை. பட்டியலைத் தட்டச்சு செய்த அதிகாரி. சரியாக எழுதுங்கள்."

எனக்கு எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

பிறகு அவரே சொன்னார். காட்டில் சண்டை போட்டவர்கள், ஊரைவிட்டுப் போகாமல் கஷ்டப்பட்டவர்கள், அவரைப்போல வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் என எல்லோருக்கும் பட்டியலில் இடம் வேண்டும். ஒவ்வொரு பகுதி மக்களும் தங்கள் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். ஒரு பெயரை நகர்த்தினால் இன்னும் நான்கு பெயர் நகரும். ஆறு முறை முதலிலிருந்து தட்டச்சு செய்தாராம். வெளியுறவு அமைச்சகம் என்று ஒன்று அதற்கு முன்பு இருந்ததே இல்லை. அதற்குக் கிடைத்தது இரண்டே அறைதானாம், நாற்காலிகள் பக்கத்து அலுவலகத்தில் இரவல். கடைசிப் பட்டியலில் ஒருவர் பெயரில் எழுத்துப் பிழை விழுந்து, ரேடியோவிலும் அப்படியே வாசித்துவிட்டார்களாம். "அந்த மனிதர் என்னோடு ஒரு வருடம் பேசவில்லை" என்று சொல்லிச் சிரித்தார். பத்து நாளில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விட்டார். தானே நடந்துதான் போனார்.

அக்காவிடமும் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை டொக்டர்" என்றார். தலையணை உறை மாற்றிக்கொண்டே, "நான் அகதியா வந்து சொன்னதையும் முதல் ஆபீசர் நம்பேல்லை. என்ரை பேப்பரிலையும் ஒரு வரிதான் எழுதினவர். அதை மாத்த ஆறு வருசம் போச்சுது" என்றார். உறையை மாட்டி முடித்து அடுத்த படுக்கைக்குப் போனார். 

நானும் இந்த ஊரில் வெளியாள்தான். என் உச்சரிப்பைக் கேட்டதும் என் படிப்பைச் சந்தேகித்தவர்களை நினைத்து எத்தனையோ நாள் பொருமியிருக்கிறேன். இப்போதும் அப்படி யாராவது என்னைப் பார்ப்பதுண்டு. ஆனால் கோபத்தில் வாய் திறக்கும் முன்பே, அதையே இன்னொருவருக்குச் செய்தவள்தானே நான் என்ற வெட்கம் வந்து என் வாயை அடைத்துவிடுகிறது.