சினை மீன் ஏறிய ஞாயிறு

இது நடந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. புரட்டாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள ஒரு அணைக்குக் கீழே, ஆற்றுப் பாறைகளில் நடந்தது. அணையின் பெயர் வேண்டாம். தப்பு அணையில் இல்லை, என்னிடம்தான்.

நான் ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் தவக்காலத்தில்கூடக் கறிதான் நிற்கும், மீன் நிற்காது. அப்படி வளர்ந்தவளை ஹாஸ்டல் மெஸ்ஸில் புரட்டாசி மாதம் முழுக்க சாம்பாரும் உருளைக்கிழங்குமாகப் போட்டுத் தள்ளினால் என்ன ஆகும்? மூன்றாவது வாரம் எனக்கு மீன் கனவே வந்தது. சிரிக்காதீர்கள், நிஜம்.

என் ரூமில் இருந்தவளுக்குச் சொந்த ஊர் நாட்றாம்பாளையம். என்னைவிட இரண்டு வயது சின்னவள். என் லைனிலேயே அடுத்த டேபிள். அவர்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள், என்னிடம் தமிழ் பேசுவாள். புரட்டாசியில் முட்டைகூடத் தொடமாட்டாள். நான் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு அவளே ஒருநாள் சொன்னாள்.

"யக்கா, அணைக்கட்டாண்ட மீன் வறுத்து விப்பாங்க. வா போலாம். நான் தின்னமாட்டேன், சும்மா வேடிக்கை பாக்க வரேன்."

அந்த ஞாயிறு இருவருக்கும் வீக்லி ஆஃப். காலையிலேயே பஸ் பிடித்து, பிறகு ஷேர் ஆட்டோ மாறிப் போய்ச் சேர்ந்தோம். போனால், மீன் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. புரட்டாசியில் யார் வந்து வறுத்த மீன் தின்பார்கள் என்று எங்களுக்கு முன்னமே உறைத்திருக்க வேண்டும். வரிசையின் கடைசியில், ஆற்றை ஒட்டிய தகரக் கடை ஒன்றில் மட்டும் ஒரு பெண் அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கடைக்குப் பக்கத்தில் தொடங்கி, கரையோரமாகவே நீளும் கல்கம்பம் நட்ட வேலி. அதில் ஒரு வீச்சுவலை காய்ந்துகொண்டிருந்தது.

"மீன் இருக்கா அக்கா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. அய்ப்பசி பொறந்தாதான்" என்றார்.

அப்படியே திரும்பியிருக்கலாம். வந்ததற்கு ஆற்றையாவது பார்ப்போம் என்று ஓரமாக நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும், ஆற்றுக்குக் குறுக்கே பாறை வரிசை ஒன்று வந்தது. அதற்கு முன்னால் ஒரு போர்டு. தண்ணீர் எந்த நேரமும் திறந்துவிடப்படும், ஆற்றில் இறங்காதீர்கள் என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தது. இரண்டு நாள் முன்புவரை அணையின் ஷட்டரைத் திறந்து வைத்திருந்தார்களாம். இப்போது மூடியிருந்தது. ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர்தான், பாறை இடுக்குகளில் மட்டும் குட்டைகள்.

அந்தக் குட்டைகளில்தான் பார்த்தேன். முதலில் பாறை நிழல் என்று நினைத்தேன். நிழல் புரண்டது. மீன்! ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். கடலில் இத்தனை விதம் பார்த்தவள், இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. பாறை மேலிருந்து கயிறு மாதிரி வழிந்த தண்ணீரில் அவை மேலே ஏறப் பார்த்தன. துள்ளும், பாறையில் மோதும், சறுக்கி விழும், மறுபடி துள்ளும். வயிறு ஒவ்வொன்றுக்கும் பானை மாதிரி உப்பியிருந்தது.

"சினை மீனு. புதுத்தண்ணி வந்தா முட்டை போட மேலே ஏறும். தண்ணி நின்னதும் மாட்டிக்கிச்சு போல" என்றாள் அவள்.

எனக்கு எச்சில் ஊறியது. மீன் முட்டையை எங்கள் அம்மா சின்ன வெங்காயம் போட்டு வதக்குவாள். அந்த வாசனையே மூக்கில் வந்துவிட்டது. செருப்பையும் பையையும் கரையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

அவள் தயங்கினாள். "போர்டு போட்டிருக்காங்களேக்கா."

"ஏட்டி, நான் கடல் பாத்தவ. இது முட்டளவுகூட இல்லாத தண்ணி. இதுக்கா பயப்படுத?" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன் என்பதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் சொன்னேன்.

என் ஷாலை விரித்து ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மறுமுனையைப் பிடிக்க அவளை ஆற்றின் நடுவில் இருந்த ஒரு பெரிய பாறைக்குப் போகச் சொன்னேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரைக் கடந்து அதன்மேல் ஏறி நின்றாள். நீச்சல் தெரியாதவள். மீன் தின்னாதவள். எனக்காக அங்கே போய் நின்றாள்.

அப்போது ஒரு சைரன் ஊதியது. நீளமாக, நிறுத்தி நிறுத்தி.

ஓசூரில் சைரன் என்றால் ஷிப்ட் மாறுகிறது என்று அர்த்தம். வருடக்கணக்கில் அந்தச் சத்தத்துக்கு எழுந்து, அந்தச் சத்தத்துக்குத் தின்று, அந்தச் சத்தத்துக்குப் படுத்தவர்கள் நாங்கள். அது எங்களைச் சேர்ந்த சத்தமே இல்லை என்பதுபோல் காது அதைத் தள்ளிவிட்டது. "இங்கயும் கம்பெனி இருக்கும் போல, மாங்கூழ் கம்பெனி" என்று நான் கத்தினேன். "இன்னிக்காவது நமக்கு ஷிப்ட் இல்ல" என்று அவள் அங்கிருந்து சிரித்தாள்.

பின்னாலேயே இன்னொரு சத்தம். தகரக் கடைக்காரப் பெண் மேட்டில் நின்று இரண்டு கையையும் வீசிக் கத்திக்கொண்டிருந்தார். பதற்றத்தில், தன் வீட்டுத் தெலுங்கில். எனக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. தண்ணீர்ச் சத்தத்தில் ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது: "பைக்கி... பைக்கி ரண்டி... பைக்கி..."

பையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். நாயோ குரங்கோ என் பையை இழுக்கிறது போல. திரும்பிப் பார்த்தேன். பை வைத்த இடத்தில் பத்திரமாக இருந்தது. சரி, மீன் பிடிக்கக் கூடாது என்று திட்டுகிறார் போல என்று அடுத்ததாகத் தோன்றியது. 'போங்க, போங்க' என்பதுபோல் அவரைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்தேன்.

'பைக்கி ரண்டி' என்றால் தெலுங்கில் 'மேலே வாங்க' என்று பிறகுதான் தெரிந்தது.

குனிந்திருந்ததால் முதலில் எனக்குத் தெரிந்தது தண்ணீரின் நிறம்தான். தெளிவாக இருந்தது, டீ மாதிரி ஆனது. காலில் சில்லென்று ஏறியது. பிறகு காலடியில் கூழாங்கற்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். கடலில் அலை வருவது தூரத்திலேயே தெரியும். இங்கே எதுவும் வரவில்லை. இருந்த தண்ணீரே எழுந்து நின்றது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்துவிட்டது. ஷால் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. கரை எனக்கு இரண்டு எட்டுதான். புல்லைப் பிடித்து, மண்ணைப் பிடித்து, எதையோ பிடித்து ஏறினேன்.

ஏறித் திரும்பினால், அவள் பாறை மேல் நிற்கிறாள். அவளைச் சுற்றி ஆறு.

பதினைந்தடி தூரம் இருக்கும். அவள் முகம் எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. தண்ணீர் பாறையின் விளிம்பைத் தொட்டது, பிறகு அவள் பாதத்தை மூடியது. எனக்கு நீச்சல் தெரியும். கடலில் நீந்தியிருக்கிறேன். ஆனால் கால் நகரவில்லை. இதை யாரிடமும் நான் ஒப்புக்கொண்டதில்லை, இங்கேதான் முதல்முறை சொல்கிறேன்: என் கால் நகரவில்லை.

என்னைத் தள்ளிக்கொண்டு ஒருவர் முன்னால் வந்தார். அந்தக் கடைக்காரப் பெண். தோளில் அந்த வீச்சுவலை. மூச்சு வாங்கிக்கொண்டே வலையின் கயிற்றைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினார். இப்போது தமிழில் கத்தினார்: "என் இடுப்பைப் புடி! கம்பத்துல காலை மாட்டு! விட்ட, மூணு பேரும் போவோம்!"

கரையோரம் இருந்த கல்கம்பத்தில் ஒரு காலை மாட்டிக்கொண்டு அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். அவர் வலையை வீசினார். ஈயக் குண்டுகள் பாறைக்கு முன்னாலேயே விழுந்தன. தண்ணீர் வலையை இழுத்தது, நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடினோம். அவர் அவசரப்படாமல் வலையைத் திரும்ப இழுத்து மடித்தார். அந்தச் சில நொடிகள் எனக்கு ஒரு வருடம். அதற்குள் தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்துவிட்டது. அவள் இப்போதுதான் அலறினாள். தமிழில் இல்லை. "அம்மா! காப்பாடி! அம்மா!" என்று கன்னடத்தில்.

இரண்டாவது தடவை வலை அகலமாக விரிந்து, ஒரு குடை மாதிரி அவள் தலைமேல் விழுந்தது.

அவள் வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆனால் பாறையை விட்டு நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் "குதிட்டி, குதிட்டி" என்று கத்தியது அவளுக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. அந்தப் பெண் சட்டென்று கன்னடத்துக்கு மாறினார். "ஹெதர்பேடா மகளே! ஹாரு! நானிதினி, ஹாரு!" பயப்படாதே மகளே, குதி, நானிருக்கிறேன் என்று அர்த்தமாம். அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். குதித்தாள்.

தண்ணீருக்குள் அவள் தலை மறைந்தது. கயிறு விறைத்தது. அந்தப் பெண்ணின் உடம்பு முன்னால் போனது, நான் பின்னால் சாய்ந்தேன். கல்கம்பத்தில் என் கெண்டைக்கால் தோல் உரிந்தது, அது அப்போது தெரியவில்லை. ஆறு அவளைக் கீழே இழுக்க, கயிறு கரைப்பக்கம் இழுக்க, அவள் வளைந்து வளைந்து கரையோரமாக வந்து ஒதுங்கினாள். வலையோடு சேர்த்து மேலே இழுத்துப் போட்டோம். இருமினாள். தண்ணீர் கக்கினாள். விரல்களில் நைலான் கண்ணி அறுத்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. விரலை விரிக்கவே மாட்டேன் என்றாள், நாங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தோம்.

நான் எழுந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்கப் போனேன். அவர் என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை அறைந்தார்.

காது ரீங்கரித்தது. என் அம்மாகூட என்னை அப்படி அடித்ததில்லை. அடித்துவிட்டு அவரே அங்கே சேற்றில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவருடைய மணிக்கட்டில் கயிறு பதிந்த தடம் கறுத்துப் போயிருந்தது.

அப்புறம் கடைக்குக் கூட்டிப்போனார். தன் நைட்டி ஒன்றை அவளுக்குக் கொடுத்தார், அடுப்பு பற்றவைத்து டீ போட்டார். அவர்தான் பேச ஆரம்பித்தார்.

"யாவாரம் இல்லன்னு கடைய பூட்டிட்டு ஊட்டுக்குப் போலாம்னு எழுந்தேன். பூட்டு ஒரு கையில, சாவி ஒரு கையில. அப்பதான் தண்ணி தொறக்குற சங்கு ஊதிச்சு. ஊதினதும் கீழ யாராச்சும் கீறாங்களான்னு ஒருவாட்டி எட்டிப் பாக்குறது எனக்குப் பழக்கம். பாத்தா நீங்க."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"நல்லவேளை, வலை கையில இருந்துச்சுக்கா" என்று என் தோழி மெல்லச் சொன்னாள்.

"எப்பவும் இருக்காது. வலை என் ஊட்டுக்காரரு கூடவே போயிடும். சினை மீன் ஏறுற நாளு, இந்தப் பக்கம் நாங்க யாரும் வலை போடமாட்டோம். இதுங்க முட்டை போட்டாதானே அடுத்த வருசம் எங்க புள்ளைங்களுக்குச் சோறு? மீன்குஞ்சு வாங்கி அணையில விடுறாங்கதான், அது மட்டும் போதுமா? அதான் வலைய வேலியில போட்டுட்டு அவரு கூலிக்குப் போயிட்டாரு." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என்னைக் குத்திக்காட்டும் எண்ணம் அவருக்கு இல்லை. எனக்குத்தான் தலை நிமிர முடியவில்லை. அந்த ஆற்றை நம்பிப் பிழைப்பவர்கள் தொடாமல் விட்டிருந்த மீனை, நாக்கு ருசிக்காக நான் ஷாலில் அள்ளப் போயிருந்தேன். அவர்கள் விட்டு வைத்ததால்தான் வலை வேலியில் இருந்தது. அதனால்தான் என் தோழி உயிரோடு என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மூன்று நாள் அவளுக்குக் காய்ச்சல். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். ஊருக்குப் போனபோது நான் அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தம்மா பேரு என்ன?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தீபாவளி முடிந்து நாங்கள் இருவரும் மறுபடி போனோம். ஒரு புடவை வாங்கிக்கொண்டு போனோம். வாடிக்கையாளர் கூட்டத்தில் அவருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. "எத்தினி பீஸு வேணும்?" என்றார். என் தோழி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள், விரல்களில் வெள்ளைக் கோடுகள். அவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து, "கன்னம் வலிச்சுதாம்மா?" என்று கேட்டார். அன்று அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பாவிடம் போன் பண்ணிச் சொன்னேன்.

ஆறு எழுந்து நின்றது இப்போது கனவில்கூட வருவதில்லை. வருவது வேறு: மேட்டில் நின்று தொண்டை கிழிய எங்களைக் கூப்பிட்ட ஒருத்தியைப் பார்த்து, தொந்தரவு செய்யாதே என்று நான் ஆட்டிய என் கை. அந்தக் கையைப் பார்த்த பிறகும் அவர் எங்களை நோக்கி ஓடி வந்தார் என்பதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.